படம் இல்லாத இசைத்தட்டு: சார்லி ப்ரைடின் குரலும் உடலும்

1966 ஜனவரியில் ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் ஒரு சிறிய இசைத்தட்டை அமெரிக்க வானொலி நிலையங்களுக்கு அனுப்பியது. பாடியவர் பெயர் 'கன்ட்ரி சார்லி ப்ரைட்' என்று அச்சாகியிருந்தது. புதுப் பாடகர் ஒருவரை அறிமுகப்படுத்தும்போது தட்டோடு அவருடைய புகைப்படத்தையும் சேர்த்து அனுப்புவது அந்தத் தொழிலின் வழக்கம். இந்தத் தட்டோடு படம் போகவில்லை. மறந்துபோய் விட்டுவிடவில்லை, யோசித்துத்தான் விட்டார்கள். பாடியவர் கறுப்பர். பாட்டைச் சுழலவிடப் போகிற அறிவிப்பாளர்களும் அதைக் கேட்டுக் காசு கொடுத்து வாங்கப் போகிறவர்களும் பெரும்பாலும் வெள்ளையர். குரல் முதலில் உள்ளே போகட்டும், உடல் பிறகு வரலாம் என்பது ஏற்பாடு. பெயருக்கு முன்னால் 'கன்ட்ரி' என்று ஒட்டியிருந்ததையும் கவனிக்க வேண்டும். ஜானி கேஷுக்கோ பக் ஓவன்ஸுக்கோ அப்படியொரு முன்னொட்டு தேவைப்படவில்லை. எல்லைச் சாவடியில் காட்டுகிற அனுமதிச் சீட்டு மாதிரி அது பெயரோடு சேர்ந்து பயணம் செய்தது.

கன்ட்ரி மியூசிக் என்பதை நம்மவர்கள் 'நாட்டுப்புற இசை' என்று மொழிபெயர்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அது சரியல்ல. நாட்டார் பாடல் வயலிலும் வீட்டிலும் வழிவழியாகப் புழங்குவது. கன்ட்ரி 1920களில் இசைத்தட்டுக் கம்பெனிகளும் வானொலி நிலையங்களும் சேர்ந்து உருவாக்கிய ஒரு சரக்கு. அதற்குள் நாட்டார் பாடல்கள் வந்தன, தேவாலயப் பாடல்கள் வந்தன, நகரத்து மேடைப் பாட்டுகளும் வந்தன. தென் மாநிலங்களின் ஏழை வெள்ளை விவசாயியும் ஆலைத் தொழிலாளியும் தங்களுடையது என்று நினைத்துக் கேட்ட இசை. பிடில், பேஞ்சோ, கிட்டார், பிறகு அழுவது போல இழுபடும் ஸ்டீல் கிட்டார். குடி, கடன், பிரிவு, சிறை, அம்மா, ரயில், கர்த்தர். இவ்வளவுதான் அதன் உலகம். சின்ன உலகம் என்று அலட்சியப்படுத்த முடியாது. பாடியவர்களும் கேட்டவர்களும் அதில்தான் வாழ்ந்தார்கள்.

நம் சிறுபத்திரிகைச் சூழலுக்குக் கறுப்பு எழுத்து புதிதில்லை. இந்திரனின் 'அறைக்குள் வந்த ஆப்பிரிக்க வானம்' 1982இலேயே வந்துவிட்டது. 1972இல் பம்பாயில் தொடங்கிய தலித் பேந்தர்கள் தங்கள் பெயரையே அமெரிக்கக் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து எடுத்தார்கள். ஆக, கோபப்பட்ட கறுப்பரை நமக்குத் தெரியும். ப்ளூஸ் பாடிய கறுப்பரையும் ஜாஸ் வாசித்த கறுப்பரையும் கொஞ்சம் தெரியும். வெள்ளைக்காரரின் பாட்டைப் பாடி, வெள்ளைக்காரர்களின் கைதட்டலில் பணக்காரராகி, கடைசிவரை போராட்ட மேடை எதிலும் முன்னே வந்து நிற்காத ஒரு கறுப்பரை என்ன பண்ணுவது என்று நமக்குத் தெரியவில்லை. அதனால் அவரைப் பற்றி ஒன்றும் எழுதவுமில்லை. அந்த இடத்திலிருந்துதான் எனக்கு இந்த ஆளைப் பற்றி எழுதவேண்டும் என்று தோன்றியது.

முதலில் 'வெள்ளைக்காரர் பாட்டு' என்பதையே கேள்விக்குட்படுத்த வேண்டும். 1920இல் ஓகே கம்பெனி மாமி ஸ்மித் என்ற கறுப்புப் பாடகியின் 'கிரேஸி ப்ளூஸ்' தட்டை வெளியிட்டது. அது விற்ற விற்பனையைப் பார்த்துக் கறுப்பர்களும் இசைத்தட்டு வாங்குவார்கள் என்பதைக் கம்பெனிகள் கண்டுகொண்டன. அந்தச் சந்தைக்குச் சீக்கிரமே 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்று பெயர் வந்தது. 1923இல் அதே ஓகேவின் ரால்ஃப் பியர் அட்லாண்டாவுக்குப் போய் ஃபிட்லின் ஜான் கார்சன் என்ற வெள்ளைப் பிடில்காரரைப் பதிவு செய்தார். அதுவும் விற்றது. அந்த வரிசைக்கு 'ஹில்பில்லி' என்று பெயர். மலைக்காட்டுப் பட்டிக்காட்டான் என்று ஏளனமாகச் சொல்வது மாதிரியான சொல். இரண்டு சந்தைகளிலும் வேலை செய்தவர் அதே ரால்ஃப் பியர். ஒரே ஊரில், ஒரே கருவியில், சில சமயம் ஒரே பாட்டைப் பாடிய இரண்டு பேரின் தட்டுகள் தோலின் நிறத்தை வைத்து இரண்டு பட்டியல்களில் போய் விழுந்தன. இசைக்குள்ளேயே இருந்த வேறுபாட்டைக் கம்பெனிகள் பதிவு செய்தன என்று சொல்ல முடியாது. பட்டியல் முதலில் வந்தது. பட்டியலுக்கு ஏற்ற இசை பிறகு தயாரானது. கறுப்புப் பிடில்காரர்கள் எத்தனையோ பேர் பதிவாகாமலே போனார்கள், ஏனென்றால் அவர்களுடைய இசையை வைக்க எந்தப் பட்டியலிலும் இடமில்லை.

பேஞ்சோ என்கிற கருவியே அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் சுரைக்குடுக்கையில் செய்து வாசித்ததிலிருந்து வளர்ந்தது. கார்ட்டர் குடும்பத்தின் ஏ.பி. கார்ட்டர் மலைப் பாடல்களைத் தேடி ஊர் ஊராகப் போனபோது உடன் போய் மெட்டுகளை மனதில் வாங்கிவந்தவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பர். சிறுவன் ஹேங்க் வில்லியம்ஸுக்குக் கிட்டார் கற்றுக்கொடுத்தவர் அலபாமாவில் தெருவில் பாடிய ரூஃபஸ் பெய்ன். 'கன்ட்ரியின் தந்தை' என்று சொல்லப்படும் ஜிம்மி ராட்ஜர்ஸ் 1930இல் பதிவு செய்த 'ப்ளூ யோடல் எண் 9'இல் டிரம்பெட் வாசித்தவர் லூயி ஆர்ம்ஸ்ட்ராங். தட்டின் மேல் அவர் பெயர் போடப்படவில்லை. 1949இல் பில்போர்ட் பத்திரிகை தன் பட்டியல்களின் பெயரை மாற்றியது. 'ரேஸ்' என்பது 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' ஆனது. வெள்ளைப் பட்டியல் 'கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்' ஆனது. பெயர்தான் மாறியது, கோடு அப்படியே இருந்தது.

இந்தக் கோட்டை வானொலி மட்டும் கொஞ்ச காலம் குழப்பிவிட்டது. நாஷ்வில் நகரத்து டபிள்யூ.எஸ்.எம். நிலையத்தின் சனிக்கிழமை இரவு நிகழ்ச்சிதான் கிராண்ட் ஓல் ஓப்ரி. அந்தப் பெயர் வைக்கப்பட்ட 1927 டிசம்பர் இரவில் வாசித்தவர் டிஃபோர்ட் பெய்லி. ரயில் ஓடும் ஓசையை ஹார்மோனிகாவில் அப்படியே கொண்டுவந்தவர். அவர் கறுப்பர். 1928இல் அந்த மேடையில் மற்ற எவரையும்விட அதிக முறை வாசித்தவர் அவரே. வானொலிக்கு முகம் கிடையாது என்பதால் கேட்டவர்களில் பலருக்கு அவர் கறுப்பர் என்றே தெரியாது. குழுவோடு வெளியூர் போனால் கதை வேறு. மற்றவர்கள் தங்கும் விடுதியில் அவர் தங்க முடியாது, சாப்பிடும் இடத்தில் சாப்பிட முடியாது. 1941இல் பாடல் உரிமைத்தொகை பற்றிய சண்டையை ஒட்டி, பழைய மெட்டுகளை விட்டுப் புதியவை வாசிக்கவில்லை என்று அவரை நீக்கிவிட்டார்கள். நாஷ்விலிலேயே ஷூ பாலிஷ் போடும் கடை நடத்தி 1982இல் இறந்தார். கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2005இல். சார்லி ப்ரைடுக்கு அந்த மரியாதை கிடைத்ததே 2000இல்தான், ஆனாலும் முன்னவருக்கு ஐந்து வருடம் முன்னால். வரலாறு சில சமயம் இப்படி வரிசை மாறித்தான் மரியாதை செய்கிறது.

சார்லி ப்ரைட் 1934 மார்ச் 18 அன்று மிசிசிப்பி மாநிலத்தின் ஸ்லெட்ஜ் என்ற சிற்றூரில் பிறந்தார். பதினொரு பிள்ளைகளில் ஒருவர். அப்பா வைக்க நினைத்த பெயர் 'சார்ல்'. பதிவேட்டில் எழுதியவர் 'சார்லி' என்று எழுதிவிட்டார், அதுவே நின்றுவிட்டது. குடும்பம் வாரத்துக்குப் பருத்தி பயிரிட்டது. அந்த டெல்டாப் பகுதியின் வாரமுறை இப்படித்தான் இருந்தது: நிலம் வெள்ளையருடையது, உழைப்பு கறுப்பருடையது. விதை, உரம், கடைச் சாமான் எல்லாம் முதலாளி கணக்கில் கடன். அறுவடைக்குப் பிறகு கணக்குப் பார்த்தால் கைக்கு வருவது ஒன்றுமில்லை, பல வருடம் பாக்கிதான் நிற்கும். பிள்ளைகளும் பருத்தி எடுத்தார்கள். வீட்டில் ஒரு பில்கோ வானொலிப் பெட்டி இருந்தது. சனிக்கிழமை இரவு அப்பா ஓப்ரியைத் திருப்புவார். பையன் அதைக் கேட்டு ராய் அகஃபையும் எர்னஸ்ட் டப்பையும் ஹேங்க் வில்லியம்ஸையும் அப்படியே பாடிக்காட்டுவான். பதினாலு வயதில் பருத்தி எடுத்த காசில் சியர்ஸ் ரோபக் கடையிலிருந்து ஒரு கிட்டார் வாங்கினான். சுற்றிலும் ப்ளூஸின் மண். அந்த மண்ணில் நின்றுகொண்டு இவன் வேறொன்றைப் பாடினான். எதுக்கு அவங்க பாட்டைப் பாடுறே என்று அக்காவே கேட்டாராம்.

ஆனால் பாடகராவது அவர் கனவாக இருக்கவில்லை. 1947இல் ஜாக்கி ராபின்சன் பெரிய பேஸ்பால் லீக்கின் நிறத் தடையை உடைத்திருந்தார். பருத்திக் காட்டிலிருந்து தப்பிக்க வழி பந்துதான் என்று சார்லிக்குத் தோன்றியது. நீக்ரோ லீக்கில் மெம்ஃபிஸ் ரெட் சாக்ஸ் அணிக்குப் பந்து வீசினார். அந்த ஆட்ட வாழ்க்கையில் ஒரு சம்பவத்தை அவரே சிரித்துக்கொண்டு சொல்வதுண்டு. லூயிவில் அணி அவரையும் இன்னொரு ஆட்டக்காரரையும் பர்மிங்ஹாம் பிளாக் பேரன்ஸுக்குக் கைமாற்றியது. பதிலுக்கு வாங்கியது ஓட்டை பஸ் ஒன்று. சிரித்தது அவர். நமக்குச் சிரிப்பு வருகிற விஷயமா என்று யோசித்துப் பாருங்கள்; மனிதரைக் கொடுத்து வண்டி வாங்கிய கணக்கு அந்த மண்ணில் எங்கிருந்து வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். பல பத்தாண்டுகள் கழித்து, 2010இல், அவர் டெக்ஸாஸ் ரேஞ்சர்ஸ் என்ற பெரிய லீக் அணியின் பங்குதாரர்களில் ஒருவரானார்.

1956இல் ராணுவத்துக்கு எடுக்கப்பட்டார். அதே வருடம் ரோஸீனைத் திருமணம் செய்தார். 1960இல் வடக்கே மலை மாநிலமான மொன்டானாவுக்குப் போனார். கிழக்கு ஹெலீனாவில் ஈய உருக்காலை இருந்தது. பகலில் உலையில் வேலை. ஆலையின் பந்து அணியில் ஆட்டம். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பு மைக்கில் பாடினால் தனியாகப் பத்து டாலர். இரவில் மதுக்கடைகளில் பாட்டு. கறுப்பர்களே மிகக் குறைவாக இருந்த மாநிலம் அது. தெற்கைப் போலச் சட்டம் போட்டுப் பிரித்து வைத்த இடமில்லை. அங்கே ஒரு கறுப்பர் ஹேங்க் வில்லியம்ஸ் பாடினால் அது வேடிக்கையாக இருந்திருக்கும், அச்சுறுத்தலாக இருந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. 1962இல் அந்தப் பக்கம் வந்த ரெட் ஃபோலி, ரெட் சோவைன் என்ற இரண்டு பாடகர்கள் கேட்டுவிட்டு நாஷ்விலுக்குப் போ என்றார்கள். நியூயார்க் மெட்ஸ் அணியின் முகாமுக்குத் தானாகவே போய் வாய்ப்புக் கேட்டு ஒன்றும் நடக்காமல் திரும்பும் வழியில்தான் அவர் நாஷ்விலில் இறங்கினார்.

நாஷ்வில் எப்படிப்பட்ட நகரம் என்பதையும் சொல்லவேண்டும். 1960இல் கறுப்பு மாணவர்கள் அந்த ஊர்ச் சிற்றுண்டிக் கடைகளில் போய் அமர்ந்து போராடினார்கள். எழ மறுத்ததற்காக அடிவாங்கிச் சிறை போனார்கள். அந்தக் கடைகள் இருந்த ஐந்தாம் அவென்யூவில்தான் ஓப்ரி அப்போது நடந்துவந்த ரைமன் அரங்கமும் இருக்கிறது. நடந்து போகிற தூரம். அரங்கத்துக்குள்ளே பாடிய பாட்டுகளில் தெருவில் நடந்தது எதுவும் கேட்கவில்லை. அந்த மாணவர்களில் ஒருவரான ஜான் லூயிஸின் பெயர் 2021இல் அந்தத் தெருவுக்கு வைக்கப்பட்டது.

ஜாக் ஜான்சன் என்பவர் ப்ரைடின் மேலாளரானார். 1965இல் தயாரிப்பாளர் ஜாக் கிளெமென்ட் பாட்டுகளைப் பதிவு செய்தார். ஆர்.சி.ஏ.வின் நாஷ்வில் பொறுப்பாளர் செட் அட்கின்ஸ் அந்த நாடாவைக் கலிஃபோர்னியாவில் நடந்த கம்பெனிக் கூட்டத்துக்கு எடுத்துப்போய், முதலில் பாட்டைப் போட்டுக்காட்டிவிட்டு, எல்லோரும் நன்றாயிருக்கிறது என்ற பிறகே படத்தை எடுத்துக் காட்டினார் என்று சொல்லப்படுகிறது. அங்கே அதிகாரிகளிடம் செய்து பார்த்த தந்திரத்தைத்தான் பிறகு நாட்டுக்கே செய்தார்கள். நியாயமாகச் சொன்னால் இந்த மறைப்பு நீண்ட நாள் நீடிக்கவில்லை. அந்த வருடமே வந்த முதல் ஆல்பத்தின் அட்டையில் அவர் முகம் இருந்தது. ஆனால் வானொலியில் பாட்டு நுழைவதற்குத் தேவைப்பட்டது அந்தச் சில மாதம்தான்.

குரலும் உடலும் சந்தித்த இடம் டெட்ராய்ட். 1966, ஒலிம்பியா அரங்கம், பத்தாயிரம் பேர். வேலை தேடித் தெற்கிலிருந்து வடக்கே வந்து கார் ஆலைகளில் சேர்ந்த வெள்ளையர்கள் ஏராளமாக வாழ்ந்த நகரம். அறிவிப்பாளர் பெயரைச் சொன்னதும் பலத்த கைதட்டல். பாட்டு அவர்களுக்குத் தெரியும். ஆள் வெளிச்சத்துக்கு வந்ததும் சத்தம் தானாக அடங்கி மௌனமாகிவிட்டது. அவர் மைக்குக்கு வந்து, தன் உடம்பில் இருப்பது அழியாத வெயில் கறுப்பு என்று ஒரு நகைச்சுவை சொன்னார். கூட்டம் சிரித்தது, பிறகு பாட விட்டது. அந்த வாக்கியத்தை அவர் அதற்கப்புறம் எத்தனையோ மேடைகளில் சொல்ல வேண்டியிருந்தது.

ரோலான் பார்த் 1972இல் எழுதிய ஒரு கட்டுரையில் குரலின் கரடு என்று ஒன்றைச் சொல்கிறார். பாடும் குரலில் மொழிக்கும் மெட்டுக்கும் அடியில் தொண்டை, நாக்கு, பல் என்று உடலே கேட்கிறது என்பார். டெட்ராய்ட் மௌனத்தை வைத்துப் பார்த்தால் பார்த் பாதிதான் சரி. ப்ரைடின் குரலில் உடல் இருந்தது. கூட்டம் அதைக் கேட்டு அதற்கு ஒரு வெள்ளை உடலை மனதுக்குள் தயாரித்து வைத்திருந்தது. அதாவது உடலைக் கேட்பவர் தருகிறார், தன் பட்டியலிலிருந்து எடுத்துத் தருகிறார். எனக்கு இதில் ஒரு சிரமம் உண்டு. நான் இவருடைய பாட்டைக் கேட்பதற்கு முன்பே படத்தைப் பார்த்துவிட்டேன். இப்போது கண்ணை மூடிக்கொண்டு அந்த ஆழமான, தெளிந்த, ஒவ்வொரு சொல்லும் விழுகிற குரலைக் கேட்டாலும் 1966இன் வெள்ளை அறிவிப்பாளர் கேட்டதை என்னால் கேட்க முடியாது. 'கறுப்பர் குரல்' என்பதன் தடயத்தைத் தேடுகிறேன். கிடைப்பது மிசிசிப்பிக் கிராமத்துப் பேச்சுதான். அது இரண்டு நிறத்துக்கும் பொதுவானது.

மேடையில் அவர் நின்றதும் பிரச்சினையானது குறிப்பாகக் காதல் பாட்டு. தமிழ் படித்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. அகத்திணையில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் சுட்டக்கூடாது என்று ஒரு மரபு. பெயர் வந்தால் பாட்டு அகத்தை விட்டு வெளியே போய்விடும். பெயரில்லாததால்தான் கேட்பவர் எவரும் அந்த இடத்தில் போய் நிற்க முடிகிறது. கன்ட்ரியின் காதல் பாட்டிலும் ஒரு பெயரில்லாத 'நான்', ஒரு பெயரில்லாத 'நீ'. ஆனால் அந்த நானுக்குச் சொல்லப்படாத நிறம் ஒன்று இருந்தது, எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் யாரும் சொல்லவில்லை. ப்ரைட் மேடையேறியதும் அந்த 'நான்' கறுப்பானது. எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் பாதி வெள்ளைப் பெண்கள். அப்படியானால் 'நீ' யார்? பன்னிரண்டு வருடம் முன்புதான், 1955இல், அதே மிசிசிப்பி டெல்டாவில் எம்மெட் டில் என்ற பதினாலு வயதுப் பையனை, வெள்ளைப் பெண்ணிடம் தப்பாக நடந்தான் என்று சொல்லிக் கொன்று ஆற்றில் போட்டார்கள். ப்ரைட் ஓப்ரி மேடையில் முதல்முறை பாடியது 1967 ஜனவரி 7. அறிமுகப்படுத்தியவர், சின்ன வயதில் அவர் பில்கோவில் கேட்ட எர்னஸ்ட் டப். கறுப்பரும் வெள்ளையரும் மணப்பதைத் தடுக்கும் சட்டங்கள் செல்லாது என்று உச்சநீதிமன்றம் லவிங் வழக்கில் சொன்னது அந்த ஜூனில். தீர்ப்பு வந்த அன்று பதினாறு மாநிலங்களில் அது குற்றம். மிசிசிப்பியின் அரசியல் சாசனத்திலிருந்து அந்தத் தடை எழுத்துப்பூர்வமாக நீங்கியது 1987இல்.

இந்தச் சூழலில் அவர் பாடியது பெரும்பாலும் காதல் பாட்டுகளைத்தான். 'ஜஸ்ட் பிட்வீன் யூ அண்ட் மீ' 1967இல் பட்டியலின் முதல் பத்துக்குள் வந்தது. 1969இல் முதல் முதலிடம். 1971இல் பென் பீட்டர்ஸ் எழுதிய 'கிஸ் அன் ஏஞ்சல் குட் மார்னின்' ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்து, பாப் பட்டியலிலும் 21ஆம் இடம்வரை ஏறியது. காலையில் மனைவியை முத்தமிட்டுவிட்டு வேலைக்குப் போகிற சந்தோஷமான குடும்பஸ்தனின் பாட்டு. அந்த வருடம் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷனின் ஆண்டுக் கலைஞர் விருது அவருக்கு. மொத்தம் 29 பாட்டுகள் பில்போர்டின் கன்ட்ரி பட்டியலில் முதலிடம். எழுபதுகளில் ஆர்.சி.ஏ.வில் எல்விஸ் பிரெஸ்லிக்கு அடுத்து அதிகம் விற்றவர் இவர் என்று சொன்னார்கள். ப்ரைடின் தட்டை நிறுத்துவதானால் என் தட்டையும் நிறுத்திவிடு என்று ஃபேரன் யங் வானொலிக்காரர்களிடம் சொன்னதாக ஒரு கதை உண்டு. அப்படிப்பட்ட வெள்ளைச் சகபாடிகள் சிலர் இருந்தார்கள். அதையும் மறைக்க வேண்டியதில்லை.

இனி அந்த மௌனம். 1968 மே மாதம் ஏழை மக்கள் இயக்கத்தின் கோவேறு கழுதை வண்டிகள் வாஷிங்டனை நோக்கிப் புறப்பட்டது மார்க்ஸ் என்ற ஊரிலிருந்து. அது மிசிசிப்பியின் குவிட்மன் மாவட்டத்தில் இருக்கிறது. ஸ்லெட்ஜும் அதே மாவட்டம். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. தன் ஊர்க்காரர்கள் வண்டி கட்டிப் போன அந்த வருடத்தில் ப்ரைட் டெக்ஸாஸில் வெள்ளையர் கூட்டத்துக்குப் பாடிக்கொண்டிருந்தார். அது 'இன் பெர்சன்' என்ற ஆல்பமாக வந்து தங்கத்தட்டானது. அதே காலத்தில் அலபாமாவின் ஜார்ஜ் வாலஸ் தன் தேர்தல் மேடைகளில் கன்ட்ரி பாடகர்களை ஏற்றினார். 1970இல் நிக்சன் கன்ட்ரி இசை மாதம் என்று பிரகடனமே செய்தார். இந்த இசை வெள்ளைத் தெற்கின் அரசியல் கொடியாக மாறிக்கொண்டிருந்த நேரத்தில் அதன் உச்சியில் நின்றவர் ஒரு கறுப்பர். 'நிறமெல்லாம் எங்களுக்கு ஒரு விஷயமே இல்லை, இதோ சார்லி ப்ரைட்' என்று காட்ட அந்தத் தொழிலுக்கு ஒருவர் கிடைத்துவிட்டார். ஒருவர் போதும். இரண்டாவது ஆள் வந்தால் அது சான்றாக இருக்காது, கூட்டமாகிவிடும்.

அவரை விலைபோனவர் என்று சொல்லிவிடுவது எளிது. சொல்லியும் இருக்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. நிருபர்கள் நிறம் பற்றிக் கேட்கும்போதெல்லாம் அவர் சொன்ன பதிலின் சாரம் இதுதான்: முதலில் 'கலர்ட்' பாடகராக இருப்பது எப்படி என்று கேட்டீர்கள், பிறகு 'நீக்ரோ', பிறகு 'பிளாக்', பெயரை நீங்கள்தான் மாற்றுகிறீர்கள், நான் சார்லி ப்ரைட், அமெரிக்கன். தாராளவாதிகளுக்குப் பிடித்தமான பதில். போராளிகளுக்குப் பிடிக்காத பதில். ஆனால் அக்காவின் கேள்விக்கு அவர் கொடுத்த பதிலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அவங்க பாட்டு என்று எதுவுமில்லை, இது என் பாட்டும்தான் என்பது அது. நான் உங்கள் வீட்டுக்கு விருந்தாளியாக வந்திருக்கிறேன் என்று அவர் ஒரு நாளும் சொல்லவில்லை. டெல்டாவின் பருத்திக் காட்டில் சனிக்கிழமை இரவு கேட்ட பாட்டு பருத்தி எடுத்தவனுக்குச் சொந்தம் என்ற கோரிக்கை, அவர் அதைக் கோரிக்கை என்று அழைக்காவிட்டாலும், சந்தை போட்ட கோட்டையே மறுக்கிறது. கறுப்பர் என்றால் ப்ளூஸ்தான் பாட வேண்டும் என்று எதிர்பார்ப்பவர் இனவாதி மட்டுமல்ல. நம்மைப் போன்ற நல்லெண்ணக்காரர்களும் அதைத்தான் எதிர்பார்க்கிறோம். கறுப்பு எழுத்தை மொழிபெயர்க்கும்போது கோபம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் பொறுக்குகிறோம். 1994இல் வந்த தன்வரலாற்றில் தன்னை நெடுங்காலம் வாட்டிய மனநோயைப் பற்றி அவர் வெளிப்படையாக எழுதினார். சிரித்துச் சிரித்து மேடையைச் சமாளித்த மனிதருக்கு உள்ளே என்ன நடந்தது என்பதை நோயோடு மட்டும் முடிச்சுப் போட எனக்குத் தைரியமில்லை. இரண்டையும் சேர்த்து வாசிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

கோடு எவ்வளவு இறுக்கமானது என்பதற்கு மெர்ல் ஹேகர்ட் இன்னொரு சாட்சி. சிறைக்குப் போய்வந்தவர், வெள்ளையர். 1969இல் 'ஓக்கி ஃப்ரம் மஸ்கோகி' பாடிப் பழமைவாதிகளின் செல்லப்பிள்ளையானார். அதற்கடுத்து அவர் வெளியிட நினைத்தது கறுப்புப் பெண்ணைக் காதலிக்கும் வெள்ளையனைப் பற்றிய 'இர்மா ஜாக்சன்'. கேபிடல் கம்பெனி தயங்கித் தள்ளிப்போட்டது, 1972இல்தான் வந்தது. வெள்ளையரான ஹேகர்ட் அந்தப் பொருளைப் பெயர் சொல்லிப் பாடக் கேட்டுப் பார்க்கலாம். ப்ரைடுக்கு அந்தக் கேள்வியே எழ முடியாது.

விசித்திரம் என்னவென்றால், அவருடைய பாட்டு அரசியலாக ஒலித்தது கடலுக்கு அப்பால். வட அயர்லாந்தில் 1975 ஜூலையில் மயாமி ஷோபேண்ட் இசைக்குழுவினர் நிகழ்ச்சி முடித்துத் திரும்பும் வழியில் சாலையில் மறித்துக் கொல்லப்பட்டார்கள். வெளிநாட்டுக் கலைஞர்கள் அந்தப் பக்கம் வருவதையே விட்டிருந்தார்கள். 1976 நவம்பரில் ப்ரைட் பெல்ஃபாஸ்டுக்குப் போய் ரிட்ஸ் திரையரங்கில் பாடினார். கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டுகளும் ஒரே கூரையின் கீழ் வந்து கேட்டார்கள். 'கிரிஸ்டல் ஷாண்டலியர்ஸ்' என்ற அவருடைய பாட்டு அங்கே இரண்டு தரப்புக்கும் பொதுப் பாட்டாகிவிட்டது. அமெரிக்காவில் அது தனித்தட்டாகக்கூட வந்ததில்லை. பணக்கார வாழ்க்கையைத் தேடிப் போய்விட்ட பெண்ணைப் பற்றிய சாதாரண ஏக்கப் பாட்டு. அதில் அயர்லாந்தும் இல்லை, அமைதியும் இல்லை. பிரதிக்குள் அர்த்தத்தைத் தேடிக்கொண்டிருக்கும் நமக்கு இது ஒரு குட்டு.

அவருக்குப் பின்னால் கதவு திறந்திருந்ததா? 1969இல் லிண்டா மார்ட்டெல் என்ற கறுப்புப் பாடகி வந்தார். ஓப்ரி மேடையில் தனியாகப் பாடிய முதல் கறுப்புப் பெண். 'கலர் ஹிம் ஃபாதர்' 22ஆம் இடம்வரை போனது. அவரைப் பதிவு செய்த கம்பெனியின் பெயர் 'பிளான்டேஷன் ரெக்கார்ட்ஸ்'. அடிமைகள் பருத்தி எடுத்த பண்ணைக்கு என்ன பெயரோ அதே பெயர். ஒரே ஒரு ஆல்பத்தோடு அவர் வாழ்க்கை அங்கே முடிந்தது. 1983இல் ப்ரைடின் 'நைட் கேம்ஸ்' முதலிடம் பெற்றபின், இன்னொரு கறுப்பர், டேரியஸ் ரக்கர், தனியாக அந்த இடத்துக்கு வர 2008 ஆனது. இருபத்தைந்து வருடம். 2019இல் லில் நாஸ் எக்ஸின் 'ஓல்ட் டவுன் ரோட்' போதுமான அளவு கன்ட்ரியாக இல்லை என்று பில்போர்ட் தன் கன்ட்ரி பட்டியலிலிருந்து நீக்கியது. 2024இல் பியான்சே 'டெக்ஸாஸ் ஹோல்ட் எம்' பாட்டோடு அதே பட்டியலில் முதலிடம் பெற்ற முதல் கறுப்புப் பெண்ணானார். தன் ஆல்பத்தில் இசை வகைமை என்பதைப் பற்றிப் பேசுவதற்கு அவர் அழைத்துவந்த குரல் லிண்டா மார்ட்டெலுடையது. அப்போது மார்ட்டெலுக்கு 82 வயது.

ப்ரைட் அதைப் பார்க்க இல்லை. 2020 நவம்பர் 11 அன்று நாஷ்விலில் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் அவருக்கு வாழ்நாள் சாதனை விருது கொடுத்தது. தொற்று பரவிக்கொண்டிருந்த நேரத்தில், மூடிய அரங்கில் நடந்த விழா. ஜிம்மி ஆலன் என்ற இளைய கறுப்புப் பாடகரோடு சேர்ந்து அவர் பாடியது 1971இன் அதே முத்தப் பாட்டு. ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 12 அன்று, டல்லாஸில் கோவிட் தொற்றின் விளைவாக இறந்தார். வயது 86. விழாவில்தான் தொற்றியதா என்று இசைக்காரர்களே வெளிப்படையாகக் கேட்டார்கள். பரிசோதனைகளில் அவருக்குத் தொற்று இருக்கவில்லை என்று விழா நடத்தியவர்கள் அறிக்கை விட்டார்கள்.